திங்கட்கிழமை லீவு

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி சுமாருக்கு மார்க்கெட்டிலிருந்து திரும்பி, பையை இறக்கி வைத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தேன். கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் இருக்கும் என் பால்ய நண்பனின் மகள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பிரெஞ்சில் இரண்டே சொற்கள். 'அன்கோர் ஓ!' மறுபடியும் அவர்களா என்று அர்த்தம்.

அவளுக்கு அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. கனடாவின் டொராண்டோ அணி தன் சொந்த மைதானத்தில், பதினோரு இன்னிங்ஸ் ஆடி, ஒரே ஒரு ரன்னில் தோற்றது. ஜெயித்தவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். 'அவர்கள்' என்றால் அந்த டாட்ஜர்ஸ்தான். அவள் வீட்டில் அந்தப் பெயரை 44 வருடமாக நல்ல வார்த்தை சேர்த்து யாரும் சொன்னதில்லை.

என் நண்பன் இருந்திருந்தால் போனே செய்திருப்பான். அவன் போய் ஐந்து வருடம் ஆகிறது. அன்று மத்தியானம் பீரோவின் மேல்தட்டிலிருந்து அவனுடைய கடிதப் பெட்டியை இறக்கினேன். இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. 'உனக்கும் பேஸ்பாலுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று இதைப் படிக்கும் பழைய ஆபீஸ் நண்பர்கள் கேட்பார்கள். நான் அந்த ஆட்டத்தை நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கடிதத்தில் பார்த்ததுதான் எல்லாம்.

நாங்கள் இருவரும் புதுச்சேரியில் ஒரே பிரெஞ்சுப் பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது எங்களுக்குப் பதின்மூன்று வயது. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடர்ந்தார்கள், எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியரானார்கள். பிள்ளைகளுக்காக அப்பாக்கள்தான் முடிவெடுத்தார்கள். அவன் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா பேசாமல் இருந்துவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். அவன் 1967-இல் கப்பலேறினான். நான் 1970-இல் அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். பிரான்சில் படித்து முடித்து, 1976-இல் அவன் மான்ட்ரியலுக்குக் கணக்கு வாத்தியாராகப் போனான். பிரெஞ்சு பேசுகிற ஊர் என்பதால் போனான். அங்கே போனதும் அவனைப் பிடித்துக்கொண்டது பேஸ்பால்.

முதல் கடிதமே அந்த ஆட்டத்தின் சொற்களைப் பற்றித்தான். ஆங்கிலேயர் சொல்லும் இன்னிங்ஸ் அங்கே 'மான்ஷ்'. நமக்கு மான்ஷ் என்றால் சட்டைக் கை. 'ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது சட்டைக் கை' என்று எழுதியிருந்தான். எல்லைக்கோட்டருகே நிற்கிறவன் 'வொல்திழேர்', அந்தரத்தில் பறந்து வித்தை காட்டுகிறவன். எறிந்த பந்து சுழலாமல் தள்ளாடித் தள்ளாடி வந்தால் அது வண்ணத்துப்பூச்சிப் பந்து, 'பால் பப்பியோன்'. பந்து வேலியைத் தாண்டினால் 'கூ த சிர்க்குயி'. அவுட் ஆனால் 'ரெத்ரே'. இந்தக் கடைசிச் சொல்லைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். நம் ஊரில் சொல்தாக்கள் வாங்கும் பென்ஷனுக்கு 'ரெத்ரேத்' என்று பெயர். ஒரு எழுத்துதான் வித்தியாசம். 'இங்கே அவுட் ஆனவனுக்குச் சம்பளம் கிடையாது' என்று அடுத்த கடிதத்தில் பதில் வந்தது.

இந்தச் சொற்களை நாள்தோறும் வானொலியில் சொல்லி ஜனங்களின் நாக்கில் படிய வைத்தவர் ஜாக் தூசே என்ற வர்ணனையாளர். பத்திரிகை நிருபராக இருந்தவர், 1972-இலிருந்து 2004 வரை மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியின் ஆட்டங்களைப் பிரெஞ்சில் வர்ணித்தார். அவருக்குத் துணையாகப் பல வருடம் கிளோத் ரேமோன் என்ற கியூபெக்காரர், முன்னாள் ஆட்டக்காரர். நம் வீடுகளில் டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்து கிரிக்கெட் கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவர்களுக்கு ஆட்டம் வருடத்துக்கு 162. ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்டத் தினமும் ஆட்டம். ஒரு நாள் தோற்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கேட்பவர்களும் சமையல் செய்துகொண்டு, கார் ஓட்டிக்கொண்டு, பாதி காதால் கேட்பார்கள்.

அக்டோபர் வந்தால் அது வேறு ஆட்டம். முன்னணி அணிகள் சிலவற்றைத் தவிர மற்றவை வீட்டுக்குப் போய்விடும். மிஞ்சியவை ஐந்தில் மூன்று, ஏழில் நான்கு என்று மோதும். ஆறு மாதம் பொறுமையாகக் கட்டியதை ஒரு மத்தியானத்தில் இழக்கலாம். 'ஏப்ரலில் ரசிகன் சாப்பிட்டுக்கொண்டே கேட்பான், அக்டோபரில் சோற்றைத் தட்டிலேயே காயவிடுவான்' என்று அவன் எழுதினான். நம் பிள்ளைகள் ஐ.பி.எல். பிளே-ஆஃப் சமயத்தில் படும் பாடு ஞாபகம் வருகிறதா? அதேதான். ஆனால் மான்ட்ரியல்காரர்களுக்கு அந்தப் பாடு கிடைத்ததே ஒரே ஒரு வருடம்.

அந்த ஊருக்குப் பேஸ்பால் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பர்களை வெள்ளையர் அணிகளில் சேர்க்காத காலத்தில், ஜாக்கி ராபின்சன் 1946-இல் மான்ட்ரியல் ராயல்ஸ் என்ற அணிக்குத்தான் முதலில் ஆடினார். அது புரூக்ளின் டாட்ஜர்ஸின் கிளை அணி. ஆம், பிற்பாடு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோன அதே டாட்ஜர்ஸ். அந்த அக்டோபரில் ராயல்ஸ் கோப்பையை வென்றபோது ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள், தெருவில் விரட்டி விரட்டிக் கட்டிப்பிடித்தார்கள். ஒரு கறுப்பரை வெள்ளைக்காரக் கூட்டம் அன்பினால் துரத்திய காட்சி அன்றைய அமெரிக்காவில் கேள்விப்படாதது. இதை எழுதும்போது என் நண்பனின் கையெழுத்து கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

1969-இல் பெரிய லீக்கில் அவர்களுக்கு ஒரு அணி கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே முதல் அணி அதுதான். 1967-இல் அங்கே நடந்த உலகக் கண்காட்சியின் பெயரையே அணிக்கும் வைத்தார்கள். ஜாரி பூங்கா என்ற சிறிய மைதானம். வலது பக்க வேலிக்குப் பின்னால் நகராட்சி நீச்சல் குளம்; பெரிய அடிக்காரர்கள் அடித்தால் பந்து குளத்தில் விழும். ரஸ்டி ஸ்டாப் என்ற செம்பட்டை முடிக்காரர் மெனக்கெட்டுப் பிரெஞ்சு கற்றுக்கொண்டார். ஜனங்கள் அவரை 'ல கிரான் ஓரான்ழ்', பெரிய ஆரஞ்சு என்று கூப்பிட்டார்கள். அணிக்கே 'நோ ஸமூர்' என்று செல்லப் பெயர், எங்கள் அன்புகள். தோற்றுக்கொண்டே இருந்த அணிக்கு இப்படி ஒரு பெயர்.

1977-இல் ஒலிம்பிக் மைதானத்துக்கு மாறினார்கள். அந்த மைதானத்தின் கணக்கு ஒரு தனிக் கதை. 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டி, கடன் ஏறி, சிகரெட்டுக்குத் தனி வரி போட்டு, முப்பது வருடம் கழித்து 2006-இல்தான் கடனை அடைத்து முடித்தார்கள். எஸ்டிமேட், திருத்திய எஸ்டிமேட், மறுபடி திருத்திய எஸ்டிமேட் என்று கோப்புகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு இது வியப்பாக இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். திட்டத்தில் இருந்த கூரை 1981-இல் இன்னும் போடப்படவில்லை.

1979-இல் 95 ஆட்டம் ஜெயித்தும் பிட்ஸ்பர்க்கிடம் இரண்டு ஆட்டத்தில் முதலிடம் போயிற்று. 1980-இல் கடைசித் தொடர் தொடங்கும் வரை பிலடெல்பியாவோடு சமமாக நின்று, கடைசிக்கு முந்தின நாள் பதினோராவது இன்னிங்ஸில் மைக் ஷ்மிட் அடித்த ஒரே அடியில் போயிற்று. இரண்டு கடிதங்களும் சுருக்கமானவை. இரண்டாவதில், வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை.

1981-இல் ஆட்டக்காரர்கள் ஜூன் 12-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இரண்டு மாதம் போயிற்று. ஆகஸ்டில் திரும்பியபோது நிர்வாகம் ஒரு விசித்திரமான விதி போட்டது. நிறுத்தத்துக்கு முன் முதலிடத்தில் இருந்தவர்கள் ஒரு பாதிக்கு வெற்றியாளர்கள், அதற்குப் பிறகு முதலிடம் வருகிறவர்கள் இன்னொரு பாதிக்கு. இருவரும் மோத வேண்டும். விளைவு என்ன தெரியுமா? மொத்த வருடத்தையும் கூட்டிப் பார்த்தால் எல்லோரையும்விட அதிக விகிதத்தில் ஜெயித்திருந்த சின்சினாட்டி, எந்தப் பாதியிலும் முதலிடம் இல்லை என்பதால் வெளியே. மான்ட்ரியல் இருந்த பிரிவிலும் மொத்தக் கணக்கில் செயின்ட் லூயிஸ்தான் முன்னால். அவர்களும் வெளியே. இரண்டாவது பாதியில் 30 வெற்றி, 23 தோல்வி என்று வந்த மான்ட்ரியல் உள்ளே.

அதாவது, அந்த அணி தன் 36 வருட வாழ்வில் ஒரே ஒரு முறை அக்டோபருக்குள் நுழைந்தது, அதுவும் ஒரு கோணல் விதியின் தயவால். இதை நான் எழுதியபோது என் நண்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. 'நீ அரசாங்கக் குமாஸ்தா, விதியைப் பார்க்கிறாய். இங்கே தெருவில் ஜனங்கள் பாடுகிறார்கள்' என்று எழுதினான். உண்மைதான், பாடினார்கள். 'ஹாப்பி வாண்டரர்' என்று நடைப்பயணம் போகிறவர்கள் பாடும் ஒரு பழைய ஜெர்மன் மெட்டு. அதன் பல்லவிக்குப் பொருளே கிடையாது, அதனால் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலக்காரர்களும் சேர்ந்து பாட முடிந்தது. தனிநாடு வேண்டுமா என்று கியூபெக்கில் வாக்கெடுப்பு நடந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத நேரம் அது. அடுத்தடுத்த வீட்டார் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். மைதானத்தில் மட்டும் ஒரே பாட்டு.

முதலில் பிலடெல்பியாவை ஐந்து ஆட்டத்தில் வென்றார்கள். கடைசி ஆட்டத்தில் ஸ்டீவ் ரோஜர்ஸ் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எறிந்ததோடு, மட்டையையும் பிடித்து இரண்டு ரன் சேர்த்தார். பந்து எறிபவர் மட்டை பிடித்து ரன் சேர்ப்பது, நம் கிரிக்கெட்டில் பதினோராவது ஆள் அரை சதம் போடுவது மாதிரி. அடுத்து டாட்ஜர்ஸ், ஐந்தில் மூன்று. லாஸ் ஏஞ்சலஸில் ஒன்று தோற்று ஒன்று ஜெயித்தார்கள். வெள்ளிக்கிழமை மான்ட்ரியலில் ரோஜர்ஸ் மறுபடி முழு ஆட்டமும் எறிந்து 4-1. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும், உலகத் தொடர். சனிக்கிழமை 7-1 என்று தோல்வி. ஐந்தாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 18.

அந்த ஞாயிறுக்கு என் நண்பனிடம் டிக்கெட் இருந்தது. மனைவிக்குக்கூட விலையைச் சொல்லாமல் வாங்கிய டிக்கெட். கம்பளிச் சட்டை மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போனான். மழையும் குளிரும். கூரை இல்லாத மைதானம். காத்திருந்து காத்திருந்து, ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அதே டிக்கெட் திங்கட்கிழமைப் பகலுக்குச் செல்லும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியில் அவன் புதிதாகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகவில்லை. லீவு கேட்டால் கொடுத்திருப்பார்களோ மாட்டார்களோ, அவன் கேட்கவே இல்லை. இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆகஸ்டில் நான் அவனுக்கு எழுதிய கடிதத்தில், 'முதல் வருடம் லீவே எடுக்காதே, சர்வீஸ் புத்தகத்தில் முதல் பக்கம்தான் எல்லோர் கண்ணிலும் படும்' என்று அறிவுரை சொல்லியிருந்தேன். கனடாவில் சர்வீஸ் புத்தகம் உண்டா என்பதுகூட எனக்குத் தெரியாது. அவன் அந்த டிக்கெட்டைச் சக ஆசிரியர் ஒருவரின் பையனுக்குக் கொடுத்துவிட்டான். பதினான்கு வயதுப் பையன், பள்ளிக்கு மட்டம் போடத் தயங்காதவன்.

சனிக்கிழமை 54,000 பேருக்கு மேல் வந்த மைதானத்துக்குத் திங்களன்று 36,000 சொச்சம் பேர்தான் வந்தார்கள். வேலை நாள், கடுங்குளிர். மீதி ஊர் வானொலியில் இருந்தது. என் நண்பனின் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் காதில் ஒரு கம்பி போயிருந்தது. இவன் பார்க்காத மாதிரி இருந்தான். அதற்குப் பதிலாக அந்தப் பையன் ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் விரலால் கணக்குக் காட்டினான். முதல் இன்னிங்ஸிலேயே டிம் ரெயின்ஸ் ஓடி வந்து மான்ட்ரியலுக்கு ஒரு ரன். டாட்ஜர்ஸுக்கு எறிந்தவர் பெர்னாண்டோ வலென்சுவேலா, இருபது வயது மெக்சிகோ இளைஞர், அந்த வருடம் அமெரிக்காவையே கிறங்கடித்தவர். அந்த ஒன்றுக்குப் பிறகு அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மான்ட்ரியலின் ரே பரிஸும் சளைக்கவில்லை. ஐந்தாவதில் டாட்ஜர்ஸ் ஒன்று எடுத்துச் சமம். ஆறு, ஏழு, எட்டு, பையனின் விரல் ஒன்றுக்கு ஒன்றாகவே நின்றது.

ஒன்பதாவதுக்குள் பள்ளி மணி அடித்துவிட்டது. ஆசிரியர் அறையில் மேசை மேல் டிரான்சிஸ்டர், சுற்றிலும் பத்துப் பேர், கூட்டுகிறவர் துடைப்பத்தோடு. எட்டு இன்னிங்ஸ் எறிந்த பரிஸை மாற்ற வேண்டிய நேரம். இப்படிக் கடைசி நேரத்தில் வந்து எறிவதற்கென்றே ஜெஃப் ரியர்டன் என்று ஒருவர் அணியில் இருந்தார். மேலாளர் ஜிம் ஃபானிங் அவரைக் கூப்பிடவில்லை. மூன்று நாள் முன்புதான் முழு ஆட்டம் எறிந்த ஸ்டீவ் ரோஜர்ஸைக் கூப்பிட்டார். அணியின் தலைசிறந்த எறிபவர், ஆனால் நடுவில் புகுந்து எறிந்து பழக்கம் இல்லாதவர். முதல் இரண்டு பேர் அவுட். மூன்றாவது ஆள் வந்தார். அவர் பெயர் ரிக் மன்டே. குடும்பப் பெயரே திங்கட்கிழமை! எழுத்தாளன் இப்படி ஒரு கதை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மன்டே அடித்தார். பந்து நடு மைதானத்துக்கும் வலது பக்கத்துக்கும் இடையில் உயர்ந்தது. ஆசிரியர் அறையில் எல்லோரும் அது பிடிபடும் என்றுதான் நினைத்தார்களாம். வேலியைத் தாண்டி விழுந்தது. 'வானொலியில் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சலை யாரோ கத்தரித்த மாதிரி இருந்தது' என்று அவன் எழுதியிருக்கிறான். 2-1.

அதோடு முடிந்துவிடவில்லை, அதுதான் கொடுமை. மான்ட்ரியலுக்கு இன்னும் ஒரு பாதி இருந்தது. இரண்டு அவுட் ஆன பிறகு கேரி கார்ட்டரும் லாரி பாரிஷும் அடிக்காமலே தளம் ஏறினார்கள். வலென்சுவேலாவை எடுத்துவிட்டு பாப் வெல்ச் வந்தார். எதிரில் ஜெர்ரி வைட், வெள்ளிக்கிழமை மூன்று ரன் ஹோம் ரன் அடித்தவர். வெல்ச் எறிந்த முதல் பந்தையே வைட் தட்டினார். தரையோடு போய் எதிராளி கையில் சேர்ந்தது. ஒரே பந்து. முடிந்தது. ஊர் அந்த நாளுக்கு 'நீலத் திங்கள்' என்று பெயர் வைத்தது. ஆங்கிலத்தில் நீலம் என்றால் துக்கமும்தான், டாட்ஜர்ஸின் நிறமும் நீலம்தான்.

இந்தக் கடிதம் தீபாவளி கழிந்து சில நாளில் வந்தது. ஏழு பக்கம். ஒரு ஆட்டத்துக்கு ஏழு பக்கமா என்று என் மனைவி கேட்டாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'நான் போயிருந்தால் அவன் அடித்திருக்க மாட்டான் என்று ஒரு முட்டாள் மனசு சொல்கிறது.' கணக்கு வாத்தியார் எழுதிய வரி இது. பரிஸை எடுத்தது சரியா, ரியர்டனைக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்களாம். மன்டேயின் பந்து பிடிபட்டிருந்தால் ஃபானிங் சாமர்த்தியசாலி. நானும் எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறேன். குறிப்பு ஒன்றேதான், முடிவு நன்றாக வந்தால் பாராட்டு, கெட்டால் விளக்கம் கேட்டு மெமோ.

நான் பதிலில் ஆட்டத்தைப் பற்றி விசாரித்தேன், என் அறிவுரையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அவனும் அதைக் குறிப்பிடவில்லை.

அடுத்த நல்ல காலம் வர பதின்மூன்று வருடம் ஆயிற்று. 1994-இல் மான்ட்ரியல் 74 வெற்றி, 40 தோல்வி. இரண்டு லீக்கிலும் அதைவிட நல்ல அணி இல்லை. பெத்ரோ மார்ட்டினெஸ், லாரி வாக்கர், மார்கிஸ் கிரிசம் எல்லோரும் இளம் வயது. ஆகஸ்ட் 12-இல் மறுபடி வேலைநிறுத்தம். இந்தத் தடவை யாரும் திரும்பவில்லை. செப்டம்பர் 14-இல் உலகத் தொடரே ரத்து என்று அறிவித்தார்கள். 1904-க்குப் பிறகு அப்படி நடந்ததே கிடையாது. 1981-இல் வேலைநிறுத்தம் கதவைத் திறந்தது, 1994-இல் வேலைநிறுத்தமே சாத்தியது. அடுத்த ஏப்ரலில் பணம் இல்லையென்று வாக்கர், கிரிசம் உட்பட நான்கு முக்கிய ஆட்டக்காரர்களைச் சில நாட்களுக்குள் வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகு ஜனங்கள் மைதானத்துக்குப் போவது குறைந்தது. 'தோற்றால் அழலாம், ஆடாத ஆட்டத்துக்கு எப்படி அழுவது?' என்று போனில் கேட்டான். அப்போது எஸ்.டி.டி. வந்து கடிதம் சுருங்கியிருந்த காலம்.

2004-இல் அணியை வாஷிங்டனுக்கு மாற்றிவிட்டார்கள். மான்ட்ரியலில் கடைசி ஆட்டம் செப்டம்பர் 29. 31,395 பேர் வந்தார்கள், மகளோடு இவனும் போனான். 9-1 என்று தோல்வி. ஆனால் அணியின் கடைசி ஆட்டம் அதுவல்ல. அது நியூயார்க்கின் ஷே மைதானத்தில், அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை. 1969-இல் அந்த அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியதும் அங்கேதான். இவன் அறுநூறு கிலோமீட்டர் காரோட்டிக்கொண்டு போனான். 8-1, அதுவும் தோல்வி. பல வருடம் கழித்து ஒரு காகிதக் கடிதம் வந்தது, ஒரே பக்கம். நியூயார்க் ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதியது. ஆட்டத்தைப் பற்றி நான்கு வரி. பிறகு: 'நாளைக்குத் திங்கட்கிழமை. லீவு போட்டிருக்கிறேன். உன் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்.'

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, என் பழைய கடிதத்தை அவன் மறக்கவில்லை என்று.

அந்த அணி வாஷிங்டன் நேஷனல்ஸ் என்ற பெயரில் 2019-இல் உலகத் தொடரை வென்றது. இறுதியில் ஹூஸ்டனோடு ஏழு ஆட்டம், ஏழிலும் வெளியூர் அணியே ஜெயித்தது. மான்ட்ரியலின் பழைய ரசிகர்கள் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று இரண்டாகப் பிரிந்தார்கள். விட்டுப்போன பிள்ளைக்குக் கல்யாணம் நடந்தால் பெற்றவர் படும் பாடு மாதிரி. என் நண்பன் இறுதி ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அவனுக்கு வேண்டியது அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. அக்டோபர் 9, லாஸ் ஏஞ்சலஸில், ஐந்தாவதும் கடைசியுமான ஆட்டம், எதிரில் டாட்ஜர்ஸ். பத்தாவது இன்னிங்ஸில் ஹோவி கெண்ட்ரிக் நான்கு ரன் ஹோம் ரன் அடித்து அவர்களை வீட்டுக்கு அனுப்பினார். அன்று அவன் எனக்கு வீடியோ கால் போட்டான். உடம்பு மெலிந்திருந்தது. 'முப்பத்தெட்டு வருஷம்டா' என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தான்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவன் மகளின் செய்திக்குப் பதிலாக, பேரனை விட்டு அந்த ஏழு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பினேன். பிரெஞ்சும் தமிழும் கலந்த கையெழுத்து. தமிழ் வரிகளை அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் போனில் வாசித்துக் காட்டினேன். டிக்கெட் விஷயம் அவளுக்கு அதுவரை தெரியாது. அப்பா அந்த ஆட்டத்துக்குப் போயிருந்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தாளாம். அவ்வளவு விவரமாக அவளுக்குச் சொல்லியிருக்கிறான்.

கொஞ்ச நேரம் கழித்து, 'அந்தப் பையன் பெயர் என்ன மாமா?' என்று கேட்டாள். ஏழு பக்கத்தையும் மறுபடி புரட்டிப் பார்த்தேன். பெயர் எழுதவில்லை. மறுநாள் அவன் பள்ளிக்கு வந்து, எதுவும் பேசாமல், கிழித்த டிக்கெட்டின் பாதியை என் நண்பனின் மேசையில் வைத்துவிட்டுப் போனான் என்று மட்டும் இருக்கிறது.